செம்மண் இல்லாத ஓய்வு

கல் வந்த அன்று அதை அறுக்கும் எண்ணம் எமிமாவுக்கு இல்லை. வேலை முடிந்திருந்தது. அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது. அதிலிருந்து மறுகுடியமர்வுத் துறை எடுத்துக்கொண்ட ஒரே ஒரு வரி பாளையங்கோட்டைச் சுவர்களில் எல்லாம் ஒட்டப்பட்டிருந்தது: பாறையில் பதிவான மிகக் குறுகிய ஓய்வே எண்ணூறு ஆண்டு. வரிக்குக் கீழே ஒரு ரயில் படம். ரயிலுக்கு மேலே நீல வானம்.

கல்லை நில அளவைக் குழு அனுப்பியிருந்தது. முழங்கை நீளத்தில் ஒரு கருப்பு உருளை. துறையில் பெரியவர் ஒருவரின் மேசைக்கு அதில் ஒரு துண்டு பாலிஷ் போட்டு வேண்டுமாம். ஆய்வுக்கூடத்தில் அறுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் விடுப்பில் போயிருந்தார். அதனால் எமிமாவே அறுத்தாள்.

தக்காணம் பிளந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. படங்களில் காட்டுவதுபோல மலை ஒன்றும் வெடிக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் நிலம் நீளவாக்கில் கீறிக்கொண்டது. கீறலிலிருந்து லாவா வழிந்தது, நிற்காமல், இருபத்தோரு வருடம். மும்பையை லாவா எட்டவில்லை. கந்தகப் புகை எட்டியது. மழை கண்ணை எரித்தது. ஊரைப் பூட்டாமலே ஜனங்கள் கிளம்பினார்கள். பல தலைமுறைக்கு முன் திருநெல்வேலியை விட்டுப் பிழைக்கப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் திருநெல்வேலிக்கே வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே தகர முகாம் கிடைத்தது. தண்ணீர் லாரிக்கு ஒரு வரிசையும், ஆஸ்பத்திரிக்குத் தனி வரிசையும் கிடைத்தன. பம்பாய்க்காரர்கள் என்று பேரும் கிடைத்தது.

நாலு வருடத்துக்கு முன் லாவா நின்றது. மெல்ல வானம் தெளிந்தது. இனி முகாம்காரர்களை மும்பைக்குத் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் எமிமாவின் கூடத்துக்குப் புதுக் கருவி வந்தது.

ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்பும் இதே தக்காணத்தில் இப்படி வழிந்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த தோசைபோலக் கருங்கல் படிந்திருக்கிறது. சில அடுக்குகளுக்கு நடுவே மட்டும் செங்கல் நிறத்தில் மெல்லிய பட்டை உண்டு. லாவா நின்ற காலத்தில் கல்லின் மேல் மண் உண்டாகி, அடுத்து வந்த லாவா அந்த மண்ணைச் சுட்டுச் சிவக்க வைத்த பட்டை. மண்ணில் எங்கிருந்தோ வந்து விழுந்த சாம்பலும் அதற்குள் கிடக்கும். சாம்பலில் மணலைவிடச் சின்னப் படிகங்கள் இருக்கும். படிகத்துக்குள் யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். ஈயத்தை அளந்தால் வயது தெரியும். பழைய கருவிகள் முப்பதாயிரம் ஆண்டு முன்னே பின்னே சொல்லும். புதுக் கருவி அதை ஒரு மனித ஆயுளுக்குள் கொண்டுவந்துவிட்டது. பட்டையின் அடியையும் தலையையும் அளந்து கழித்தால், லாவா எத்தனை காலம் நின்றது என்று தெரிந்துவிடும்.

முதல் வருடமே கூடத்தில் யாரோ அந்தச் செம்பட்டைக்கு 'ஓய்வு' என்று பேர் வைத்தார்கள். சொல் வாயில் நன்றாக உட்கார்ந்தது. மூன்றாவது ஓய்வை அறுத்தாச்சா என்பார்கள். ஒன்பதாவது ஓய்வில் படிகமே இல்லை மேடம் என்பார்கள். அறிக்கையிலும் அந்தச் சொல்லே போனது. மொத்தம் நாற்பத்தொரு ஓய்வு. அவற்றில் எண்ணூறு ஆண்டுக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை. தொடங்கியதிலிருந்து முழுதாக அடங்கும்வரை எரிமலை இருந்த காலம் ஏழு லட்சம் ஆண்டு. அந்த எண்ணை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

எமிமா அறுத்த துண்டைத் தண்ணீரில் அலசினாள். நாலு வருடத்துக்கு முன் நின்ற புது லாவாவின் மேல்தட்டிலிருந்து எடுத்த கல். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கருப்பு. திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

கருவியைக் கவனிக்கும் வில்வநாதன் கதவருகே டீ குடித்துக்கொண்டிருந்தான். பதினான்கு வருடமாக அவளோடு வேலை செய்பவன்.

"வில்வா, இதுல மேல் பக்கம் எது?"

"பெயிண்ட்ல அம்பு போட்டிருக்கே மேடம்."

"நாலு வருஷமா வெயில்ல கெடந்த பக்கம்."

"ஆமா."

"அந்த நாலு வருஷம் எங்க இருக்கு இதுல?"

அவன் டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தான். "நாலு வருஷத்துல என்னத்த மேடம் மண்ணு வரும். நாப்பது வருஷம் கெடந்தா கொஞ்சம் பாசி ஒட்டும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான்.

"நாளைக்கு இது மேல லாவா வந்தா?"

"ஒட்டிக்கிடும்." துண்டின் விளிம்பை விரலால் தடவி, "நடுவுல ஒண்ணும் தெரியாது," என்றான்.

"இது நிக்கவே இல்ல, தொடர்ந்து வழிஞ்சுதுன்னு எழுதுவோம்."

வில்வநாதன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். டீ ஆறியது.

நாற்பத்தொரு செம்பட்டைகளுக்கு நடுவே முந்நூறுக்கும் மேலான கருங்கல் அடுக்குகள் இருந்தன. அடுக்கும் அடுக்கும் சும்மா ஒட்டிக்கொண்ட மூட்டுகள். அவற்றை யாரும் அளக்கவில்லை. அளக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒரு மூட்டு ஒரு மாதமாக இருக்கலாம். ஐந்து வருடமாக இருக்கலாம். ஒரு ஊர் கட்டி, பிள்ளை பெற்று, பேரன் எடுக்கிற காலமாகவும் இருக்கலாம். எண்ணூறு ஆண்டுக்குக் குறைந்த ஓய்வு பாறையில் பதிவாகவில்லை என்பது உண்மைதான். அதற்குக் குறைந்த காலத்தில் அந்த இடத்தில் மண்ணே உண்டாகாது. அந்த வரியில் இருந்தது அவ்வளவுதான். பட்டையைச் செம்மண் என்றே சொல்லிவந்திருந்தால், செம்மண் இல்லாமல் ஓய்வு இருக்கக்கூடாதா என்று யாராவது ஒரு நாள் கேட்டிருப்பார்கள். ஓய்வு என்று பேர் வைத்த பிறகு அப்படிக் கேட்க இடமில்லாமல் போனது. ஓய்வு இல்லாத இடத்தில் ஓய்வு எப்படி இருக்கும்?

"மேடத்துக்கு ஓய்வூதியமும் போச்சு, ஓய்வும் போச்சு," என்றான் வில்வநாதன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதல் ரயிலுக்கு ஒரு வாரம் இருந்தது.

மறுகுடியமர்வுத் துறையின் மாவட்ட அதிகாரி சபாபதி சாயங்காலம் நாலு மணிக்கு மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகாமைப் பதினோரு வருடமாக நடத்துகிறவர். குழாய் உடைந்தாலும் பிணம் விழுந்தாலும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். எமிமா கல்லை அவர் மேசையில் வைத்துச் சொன்னாள். அவர் தயிர்சாதத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை.

"அப்ப திரும்ப வருமா?"

"தெரியாது சார்."

"எப்ப வரும்னாவது?"

"தெரியாது. அடுத்த மாசமும் வரலாம், ஆயிரம் வருஷம் கழிச்சும் வரலாம். எண்ணூறு வருஷம் பயமில்லன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன்."

"முன்னாடியும் தெரியாது, இப்பவும் தெரியாது."

"முன்னாடி தெரியும்னு சொல்லியிருக்கோம் சார்."

சபாபதி கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகாம் நிலம் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்றார். கிழக்கு வரிசையில் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கியாகிவிட்டது. ரயில் கிளம்பும் அன்றே அதில் போகிறவர்களின் தகர வரிசைகளைப் பிரிக்க ஆள் பேசியிருக்கிறது. சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எமிமாவுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். நீங்கள் சொன்னதை நாலு வரியில் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் துறையிலிருந்து எதுவும் வந்து அவள் பார்த்ததில்லை. ரயிலை நிறுத்துகிறார்கள் என்று நினைத்துத்தான் அவள் சபாபதியிடம் போனாள்.

"நிறுத்தலம்மா. ஸ்டேஷன்ல அறிவிப்பாப் போடச் சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு வண்டிக்கும், மூணு மொழியில."

"அறிவிப்பா?"

"கேட்டுட்டு ஏறினா அது அவங்க முடிவு. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா துறை சொல்லலியேன்னு ஒருத்தரும் கேக்க முடியாது. நீங்க பெரிய ஒத்தாசை பண்ணியிருக்கிறதா மேல நெனைக்கிறாங்க."

ரயிலை நிறுத்தும் வரி எங்காவது இருக்கிறதா என்று அவள் ஒப்புதல் தாளைப் புரட்டினாள்.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார் சபாபதி. "உண்மையைச் சொல்லியாச்சே."

அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அசதிதான் இருந்தது.

வீட்டில் அவள் கணவன் ஆசீர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். தாராவியில் பிறந்தவன். முப்பது வயதில் ஒரு துணிப்பையோடு முகாமுக்கு வந்தவன். முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினான். எமிமாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு ஊருக்குள் அவள் வீட்டில் இருந்தான். பதினெட்டு வருடம் ஆகியும் தெருமுனைக் கடைக்காரர் அவனிடம் எந்த ஊர் என்று கேட்பதை விடவில்லை. முதல் ரயிலில் அவனுக்கு இடம் வந்திருந்தது. கூடத்து வேலையை முடித்துக்கொண்டு அவள் பின்னால் வருவதாகப் பேச்சு.

அவள் சொன்னதை அவன் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"எண்ணூறு வருஷம் நான் இருந்து என்ன செய்யப்போறேன்," என்றான். "ஒரு அஞ்சு வருஷம் குடு, போதும்."

"அஞ்சுகூட என்னால சொல்ல முடியாது."

"நீ சொல்ல வேண்டாம். நீ கல்லப் பாத்து சொல்லுத. நான் இங்க வரிசையப் பாத்துட்டேன்."

"புகை வந்தா ஓடக்கூட நேரம் இருக்காது ஆசீர். போன தடவ ஓடினப்ப உனக்கு முப்பது வயசு."

"அரே, விடு." மடித்த சட்டையைத் திரும்ப உதறினான். "இங்க எனக்குப் பேரு பம்பாய்க்காரன். அங்க எனக்குப் பேரு மதராஸி. எந்த ஊர்ல திட்டு வாங்கணும்னு நான் முடிவு பண்ணிக்கிடுதேன்."

பிறகு நீயும் வாயேன் என்றான். கேட்ட விதத்தில் கெஞ்சல் இல்லை, அதனால் அது அவளை அதிகமாக உறுத்தியது. பார்க்கிறேன் என்றாள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லை எல்லாரிடமும் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ரயில் காலையில் கிளம்பியது. பிளாட்பாரம் நிறைய மூட்டைகள், கேஸ் அடுப்புகள், சுருட்டிய பாய்கள். ஒருவர் தையல் மிஷினைத் தோளில் சுமந்து வந்தார். முகாமில் பிறந்து மும்பையைப் பார்த்தே இராத பெண்கள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். ஆசீர் ஏழாவது பெட்டியில் இடம் பிடித்துப் பையை வைத்துவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் நின்றான். தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று கேட்டாள். எடுத்திருந்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. இந்தியிலும் மராத்தியிலும் முதலில் வந்தது. பிறகு தமிழ்.

அவள் எழுதிக் கொடுத்தது நாலு வரி. மூன்று மொழியில் நாலு வரி நீளம் என்று யாரோ சுருக்கியிருந்தார்கள். எரிமலைப் பிளவு என்று ஒரு முறை, நடுவில், அவள் எழுதிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வந்தது. கரகரப்பில் அது போய்விட்டது. கடைசி வரி மட்டும் தெளிவாகக் கேட்டது:

"நிலைமை நான்கு ஆண்டுகளாக இயல்பாக உள்ளது. இது நீடிக்கும் என்று உறுதி கூற இயலாது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம்."

பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். முகாமின் மேற்கு வரிசைக்காரி, பேர் முத்துப்பேச்சி. ஆசீரின் லாரியில் தண்ணீர் பிடித்தவள், அதனால் எமிமாவையும் தெரியும்.

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள். "தகரத்தப் பிரிக்காங்களே, அங்க சரிப்படலன்னா என்ன செய்யன்னு அடிவயித்துல பயமாவே இருந்துச்சு. திரும்ப வரலாம்னு சொல்லிட்டாங்க பாருங்க."

எமிமாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அறிவிப்பு மறுபடி ஓடியது. பாய் சுருட்டோடு நின்ற ஒருவர் காது கேளாத இன்னொருவரிடம் குனிந்து, எப்ப வேணும்னாலும் வரலாமாம் என்று உரக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி பிளாட்பாரத்தில் ஆளுக்கு ஆள் நகர்ந்து போவதை அவளால் பார்க்க முடிந்தது.

ஆசீரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. அங்கிருந்தவன் மரியாதையாகவே பேசினான். மேலிடத்தில் ஒப்புதலான வாசகம், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ தனக்கு அதிகாரமில்லை, நீங்களே எழுதியதாகத்தானே மேடம் போட்டிருக்கிறது என்றான். அவள் சபாபதிக்குப் போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார்.

"இலக்கணம் சரியாத்தானேம்மா இருக்கு?"

"எழுவாய் இல்ல சார்."

"தமிழ்ல எழுவாய் எதுக்கு," என்றார் சபாபதி. பிறகு, "எத்தன பேர் எறங்குவாங்கன்னு நெனைக்கிறீங்க? எறங்கினா நான் எங்க வைக்க?" என்று கேட்டார். அவள் போனை வைத்தாள்.

கீழே வந்தபோது முதல் சிக்னல் விழுந்திருந்தது. எமிமா இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் ஆரம்பித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"திரும்ப வரலாம்னு சொன்னது உங்கள இல்ல. எரிமலைய. புகையும் நெருப்பும் திரும்ப வரலாம். நீங்க வந்தா இங்க எடம் இருக்காது."

அடுத்த ஜன்னலிலும் அதையே சொன்னாள். மூன்றாவதில் சொல் சுருங்கிவிட்டது. எரிமலை திரும்ப வரலாம், நீங்க இல்ல. ஒருவர் அது தெரியுமே என்றார். ஒரு அம்மாள் கிளம்புகிற நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறாயே என்று ஷட்டரை இறக்கினாள். நீ யாரும்மா என்று ஒருவர் கேட்டார். கல்லு பாக்கிறவ என்றாள். கல்லுக்கு என்ன தெரியும் என்று அவர் சிரித்தார், முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். சிலர் மட்டும் பேசாமல் அவளையே பார்த்தார்கள். அவர்கள் கேட்டார்களா இல்லையா என்று நின்று பார்க்க நேரமில்லை.

ஏழாவது பெட்டியில் ஆசீர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் வருவதைப் பார்த்துக் கையைக் கம்பி வழியே நீட்டினான். பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டத்தில் தெரிந்தே ஏறியவன் அவன் ஒருவன். அவள் அவனைத் தாண்டி அடுத்த ஜன்னலுக்குப் போனாள். முடித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று நினைத்திருந்தாள்.

ஒன்பதாவது பெட்டியில் இருந்தபோது வண்டி அசைந்தது. அவள் நடந்துகொண்டே சொன்னாள், பிறகு ஓடிக்கொண்டே, பிறகு நின்றுவிட்டாள். பெட்டிகள் அவளை முந்திப் போயின. எல்லா ஜன்னலிலும் கைகள் ஆடின. ஏழாவது பெட்டி எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தது. தூரத்தில் எந்தக் கை அவனுடையது என்று தெரியவில்லை.

வண்டியின் இரைச்சல் அடங்கியதும் பிளாட்பாரத்தில் பெருக்குகிறவர்கள் வந்தார்கள். ஒலிபெருக்கி, வண்டி போனது தெரியாமல், இன்னொரு தரம் வரலாம் என்றது.

நாலைந்து பேர் இறங்கியிருந்தார்கள். ஒரு குடும்பம் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தூணருகே முத்துப்பேச்சி இரண்டு பைகளோடு நின்றாள். பிள்ளை அவள் தோளில் தூங்கியது. மூச்சு விடும்போது சன்னமாக விசில்போலச் சத்தம் கேட்டது.

"எறங்கிட்டேங்க்கா. பிள்ளைக்கு எளைப்பு. நீங்க புகைன்னு சொன்னதும் எனக்குக் கைகால் ஓடல. அவரு போய்ப் பாத்துட்டு போன் பண்ணுதேன்னு உள்ளயே இருந்துட்டாரு."

எமிமா தலையசைத்தாள்.

"எங்க வரிசையில இன்னேரம் தகரத்தப் பிரிச்சிருப்பாங்க," என்றாள் முத்துப்பேச்சி. கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள். "இனி எங்கக்கா போக?"

கல்லுக்குத் தெரியாது என்று எழுதலாம். எழுதினால் மறுநாளே ஒப்புதல் வரும்.

"எளைப்புக்கு மருந்து வச்சிருக்கியா?"

"ஒரு பாட்டில். அதுலயும் பாதிதான் இருக்கு."

எமிமா குனிந்து இரண்டு பைகளில் பெரியதை எடுத்தாள். கனமாக இருந்தது. கை மாற்றிக்கொண்டாள்.

"வா," என்றாள். "வெயில் ஏறுது."